‘முடிவில் எல்லாம் குளுக்கோஸ்தானே?’

வாசகர் கேள்வி, மார்ச் 2

மாவுச்சத்து உள்ள எதை உண்டாலும் உடல் அதைக் குளுக்கோஸாக உடைத்துத்தான் இரத்தத்தில் சேர்க்கிறது. அப்படியிருக்கும்போது ‘மெதுவாகச் செரிப்பவை’, ‘விரைவாகச் செரிப்பவை’ என்று பிரித்துப் பேசுவதற்கு உடலியலில் உண்மையான அடிப்படை இருக்கிறதா? அல்லது உணவுப் பொட்டலங்களை விற்பவர்கள் கட்டிய கதையா? எவ்வழியில் போனாலும் சேருமிடம் ஒன்றுதான் என்பது என் கட்சி.

என் பதில், மார்ச் 2, இரவு

கட்சியின் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் அலகுகளைக் கோத்த சங்கிலி. அதை முழுவதும் பிரித்தால் குளுக்கோஸைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. ஆனால் கார்போஹைட்ரேட் என்ற தலைப்பின்கீழ் சர்க்கரையும், பாலிலுள்ள லாக்டோஸும், பழத்திலுள்ள ஃபிரக்டோஸும், நார்ச்சத்தும் சேர்ந்தே வருகின்றன. சர்க்கரை பிளந்தால் ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும், லாக்டோஸ் பிளந்தால் ஒரு குளுக்கோஸும் ஒரு காலக்டோஸும் கிடைக்கும். நார்ச்சத்தைப் பிளக்கும் நொதி நம்மிடம் இல்லவே இல்லை.

மறுபாதியில்தான் என் மறுப்பு. சேருமிடம் ஒன்றாகவே இருந்தாலும், குடலின் எந்தப் பகுதியில், எவ்வளவு வேகத்தில் பிளந்து உள்ளே போகிறது என்பதைப் பொறுத்து உடல் வேறுவேறு விதமாக நடந்துகொள்கிறது. இதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டருக்கு 90 மில்லிகிராம் குளுக்கோஸ் என்று வைத்துக்கொண்டால், மொத்த இரத்தத்திலும் ஓடிக்கொண்டிருப்பது நாலரை கிராம்தான். ஒரு தேக்கரண்டி அளவு. நீரிழிவைக் கண்டறியக் குடிக்கக் கொடுக்கும் கரைசலிலேயே 75 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. அதைக் குடித்தவர் மயங்கி விழாமல் நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படிக்க முடிகிறதென்றால், உள்ளே வருவதை யாரோ நிறுத்தி நிறுத்தி அனுப்புகிறார்கள், வந்ததை யாரோ உடனுக்குடன் அப்புறப்படுத்துகிறார்கள் என்றுதான் பொருள். அந்த ‘யாரோ’ யார் என்பதை அடுத்த குறிப்புகளில் எழுதுகிறேன். இன்றைக்குத் தூக்கம் வந்துவிட்டது.

மார்ச் 3

வாயிலிருந்து தொடங்குவது மரபு. உமிழ்நீரில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது; உமிழ்நீர் மாவுச்சத்தை இனிப்பாக்குகிறது என்பதை எர்ஹார்ட் லாய்க்ஸ் 1831-இலேயே கவனித்து எழுதினார். நான் ஆய்வுக்கூடத்தில் பாடம் நடத்திய காலத்தில், ஒரு துண்டு ரொட்டியை விழுங்காமல் மென்றுகொண்டே இருக்கும்படி மாணவர்களிடம் சொல்வது வழக்கம். சிறிது நேரத்தில் இனிப்பு தட்டும். விழுங்கிவிட்டு ‘இனிக்கவில்லையே’ என்று புகார் சொல்பவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருப்பார். பசித்தவரிடம் சோதனை செய்யக்கூடாது என்று எந்தக் கையேடும் எழுதி வைப்பதில்லை.

அந்தச் சோதனை ஒரு தவறான எண்ணத்தையும் விதைத்துவிடுகிறது. வாயில் உணவு தங்கும் நேரம் மிகக் குறைவு. விழுங்கும் தறுவாயில் மாவுச்சத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் உடைந்திருக்காது என்றுதான் உடலியல் நூல்கள் கூறுகின்றன. ‘நன்றாக மென்றால் பாதிச் செரிமானம் வாயிலேயே முடிந்துவிடும்’ என்று பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருப்பதை இந்த எண்ணிக்கையோடு சேர்த்துப் படிக்கவும். மெல்லுவதன் பயன் வேறு: துகள் சிறிதாகிறது, நொதி படும் பரப்பு கூடுகிறது, உமிழ்நீர் உள்வரை கலக்கிறது.

மார்ச் 3, பின்னிரவு

குறிப்பைப் படித்த ஒருவர் உடனே கேட்டுவிட்டார்: இரைப்பை அமிலம் உமிழ்நீர் நொதியைக் கொன்றுவிடும் என்று பள்ளியில் படித்தோமே, அப்படியானால் அந்த 5 விழுக்காட்டோடு கதை முடிந்ததா?

முடியவில்லை. அமிலம் மிகுந்து பிஎச் என்ற அளவு 4-க்குக் கீழே இறங்கினால் அந்த நொதி செயலிழக்கும் என்பது சரியே. ஆனால் விழுங்கிய கவளம் இரைப்பையின் மேற்பகுதியில் கட்டியாக அப்படியே கிடக்கிறது. அமிலம் அதன் மையம்வரை ஊறிச் சேர நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் கவளத்தின் உள்ளே உமிழ்நீர் நொதி தன் வேலையைத் தொடர்கிறது. உணவு முழுவதும் கலந்துபோவதற்குள் மாவுச்சத்தில் 30 முதல் 40 விழுக்காடுவரை இவ்வாறு உடைந்துவிடக்கூடும். ‘இரைப்பையில் கார்போஹைட்ரேட் செரிமானம் இல்லை’ என்று பள்ளிப் புத்தகம் எழுதுவது, இரைப்பை தன் சார்பில் அதற்கென எந்த நொதியையும் சுரப்பதில்லை என்ற பொருளில் மட்டுமே சரி.

மார்ச் 4

உமிழ்நீர் அமைலேஸ் பற்றி விட்டுப்போன ஒன்று. அந்த நொதிக்கான மரபணு எல்லாரிடமும் ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை; சிலரிடம் இரண்டே பிரதிகள், சிலரிடம் பத்துக்கும் மேல். பிரதிகள் கூடினால் உமிழ்நீரில் நொதியும் கூடுகிறது. மாவுச்சத்தை மிகுதியாக உண்டு வந்த மக்கட்கூட்டங்களில் சராசரியாகப் பிரதிகள் அதிகம் என்று ஜார்ஜ் பெர்ரி, நதானியேல் டொமினி முதலானோர் 2007-இல் காட்டினர். இதைப் படித்துவிட்டு ‘எனக்கு எத்தனை பிரதி என்று பரிசோதித்துப் பார்க்கலாமா’ என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். பார்த்து என்ன செய்யப்போகிறீர்கள்? கணையம் சுரக்கும் அமைலேஸ் தேவைக்கு மிக மிஞ்சியே இருக்கிறது. உமிழ்நீரில் குறைந்தாலும் மாவுச்சத்து செரிக்காமல் போய்விடாது.

மார்ச் 6

இப்போது சிறுகுடல். முக்கியமான வேலையெல்லாம் இங்கேதான் என்பதால் சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறுகள் இருக்கின்றன. அமைலோஸ் பெரும்பாலும் கிளையில்லாத நீண்ட சங்கிலி. அமைலோபெக்டின் கிளைகள் விரிந்தது. நேர்ச்சங்கிலியில் ஒரு குளுக்கோஸின் முதல் கரிம அணுவும் அடுத்ததன் நான்காம் கரிம அணுவும் இணைந்திருக்கும். இதை ஆல்ஃபா 1-4 பிணைப்பு என்பார்கள். கிளை பிரியும் இடத்தில் மட்டும் ஆல்ஃபா 1-6 பிணைப்பு. அமைலோபெக்டினில் ஏறத்தாழ 24 முதல் 30 அலகுகளுக்கு ஒரு கிளை பிரிகிறது.

கணைய அமைலேஸ், உமிழ்நீர் அமைலேஸைப் போலவே, சங்கிலியின் நடுப்பகுதியிலுள்ள 1-4 பிணைப்புகளை மட்டுமே அறுக்கும். முனையிலுள்ள பிணைப்பை அது தொடுவதில்லை. 1-6 பிணைப்பை அறுக்கவும் இயலாது. கிளைக்கு மிக அருகிலுள்ள 1-4 பிணைப்புகளையும் விட்டுவிடும். ஆகவே அமைலேஸ் எவ்வளவு நேரம் உழைத்தாலும் தனிக் குளுக்கோஸ் ஏறக்குறைய உண்டாவதே இல்லை. எஞ்சுவன இரண்டு அலகு கொண்ட மால்டோஸ், மூன்று அலகு கொண்ட மால்டோட்ரையோஸ், கிளையோடு கூடிய சிறு துண்டுகளான எல்லை டெக்ஸ்ட்ரின்கள் ஆகியவையே. கேள்வி கேட்டவர் ‘உடல் மாவுச்சத்தைக் குளுக்கோஸாக உடைக்கிறது’ என்று ஒரே வினையாக எழுதினார் அல்லவா? அதில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதற்கட்டம் குடலின் உட்குழியில், கணைய நீரில் மிதந்தபடி நடக்கிறது. இரண்டாம் கட்டம் குடற்சுவரின்மேல் நடக்கிறது. முதற்கட்டம் அசுர வேகம் உடையது. இரைப்பையிலிருந்து வந்த கூழ் கணைய நீரோடு கலந்த கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள் அது ஏறத்தாழ முடிந்துவிடும்.

செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான். அலகுகள் ஒன்றே, பிணைப்பு மட்டும் பீட்டா 1-4. அந்த ஒரு வேறுபாட்டால் உருளைக்கிழங்கு உணவாகிறது, பருத்தி நூல் உணவாவதில்லை.

மார்ச் 7

இரண்டாம் கட்டம். சிறுகுடலின் உட்சுவர் மடிப்புகளாகவும், மடிப்புகளின்மேல் குடலுறிஞ்சிகளாகவும், ஒவ்வொரு உறிஞ்சியையும் போர்த்தியுள்ள உயிரணுக்களின் மேற்புறத்தில் நுண்ணுறிஞ்சிகளாகவும் விரிந்திருக்கிறது. இந்த நுண்ணுறிஞ்சிப் படலத்தில் நொதிகள் வேரூன்றி நிற்கின்றன. சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ் என்ற இரட்டை நொதியின் ஒரு பாதி சர்க்கரையைப் பிளக்கிறது. மறுபாதி 1-6 கிளைப் பிணைப்பை அறுக்கிறது. மால்டேஸ்-குளுக்கோஅமைலேஸ் முனையிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாகக் கழற்றுகிறது. லாக்டேஸ் பால் சர்க்கரையைப் பிளக்கிறது. இந்த நொதிகளைத் தாங்கும் உயிரணுக்கள் சில நாள்களிலேயே உதிர்ந்து புதியவை அவ்விடத்துக்கு வருகின்றன. கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பின் சில நாள்கள் பால் ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு அதுவே காரணம். உறிஞ்சிகளின் நுனிப்பகுதி சேதமடையும்போது முதலில் குறைவதும் கடைசியில் மீள்வதும் லாக்டேஸ்தான்.

இந்தச் சுவர் நொதிகளைத் தடுத்து வேலை செய்யும் நீரிழிவு மாத்திரைகள் இருக்கின்றன: அகார்போஸ், மிக்லிடால், வோக்லிபோஸ். என் நெருங்கிய உறவினர் ஒருவர் இவற்றில் ஒன்றைச் சில காலம் சாப்பிட்டார். மருந்து தன் வேலையைச் செய்தது. ஆனால் மேற்குடலில் பிளக்கப்படாமல் நழுவிய மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிர்களுக்கு விருந்தானதால், அவர் விருந்தினர் வரும் நாள்களில் மாத்திரையைத் தள்ளிவைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கும் நிலை வந்தது.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும்; இதில் உயிர் காக்கும் ஒரு நுட்பமும் இருக்கிறது. இந்த மாத்திரையோடு இன்சுலினோ இன்சுலினைத் தூண்டும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவருக்குச் சர்க்கரை அளவு திடீரென்று தாழ்ந்துவிட்டால், வீட்டிலுள்ள சாதாரணச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தால் பலன் தாமதமாகும். ஏனென்றால் சர்க்கரையைப் பிளக்கும் நொதியே தடுக்கப்பட்டிருக்கிறது. அவருக்குக் குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். அதைப் பிளக்க வேண்டிய தேவை இல்லை.

மார்ச் 9

‘குடலின் பரப்பு ஒரு டென்னிஸ் மைதானம்’ என்று பின்னூட்டத்தில் எழுதியவருக்கு: பல்லாண்டுகளாகப் புத்தகங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவந்த ஒப்புமை அது. ஹெலாண்டர், ஃபேண்ட்ரிக்ஸ் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2014-இல் நுண்ணோக்கியின் துணையோடு அளந்து, செரிமானப் பாதை முழுவதன் உட்பரப்பு சராசரியாக 32 சதுர மீட்டர்தான் என்று வெளியிட்டனர். அதில் பெருங்குடலின் பங்கு ஏறத்தாழ 2 சதுர மீட்டர். டென்னிஸை விட்டுவிட்டுப் பாதி இறகுப்பந்து மைதானத்தோடு நிறைவடையலாம்.

மார்ச் 12

உறிஞ்சப்படும் கட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. குறுக்கிச் சொல்லத் தெரியவில்லை.

குளுக்கோஸ் கொழுப்பில் கரையாது. உயிரணுவின் சவ்வு கொழுப்பால் ஆனது. எனவே யாராவது உள்ளே அழைத்துக்கொண்டு போகவேண்டும். நுண்ணுறிஞ்சிப் படலத்தில் எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம் அந்த வேலையைச் செய்கிறது. அது குளுக்கோஸைத் தனியே ஏற்றுவதில்லை. இரண்டு சோடியம் அயனிகளையும் ஒரு குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே விடும். உயிரணுவுக்குள் சோடியம் குறைவு, வெளியே மிகுதி. ஆகவே சோடியம் உள்ளே பாயத் துடிக்கிறது, அந்தப் பாய்ச்சலின் விசையில் குளுக்கோஸும் இழுபடுகிறது. குடலில் குளுக்கோஸ் அருகி, உயிரணுவுக்குள் ஏற்கெனவே நிறைந்திருந்தாலும்கூட உள்ளே ஏற்றிவிடும் ஆற்றல் இதற்கு இப்படித்தான் கிடைக்கிறது. உள்ளே வந்த சோடியத்தை உயிரணுவின் மறுபுறத்திலுள்ள பம்பு மூன்று மூன்றாக வெளியேற்றி, ஈடாக இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. உடல் ஆற்றல் செலவழிவது இந்தப் பம்புக்காக. சேர்ந்த குளுக்கோஸ் குளுட்2 என்ற மற்றொரு புரதத்தின் வழியே மறுபுறம் இறங்கி, போர்ட்டல் சிரையில் கலந்து, நேரே கல்லீரலுக்குப் போகிறது. காலக்டோஸுக்கும் இதே பாதைதான்.

சோடியமும் குளுக்கோஸும் இணைந்து பயணிக்கின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960 ஆகஸ்டில் பிராகில் நடந்த ஒரு கருத்தரங்கில் முன்வைத்தார். அந்தப் புரதத்தின் மரபணுவை 1987-இல் எர்னஸ்ட் ரைட்டின் குழு பிரித்தெடுத்தது. இடைப்பட்ட காலத்திலேயே அந்தக் கருத்து எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றத் தொடங்கியிருந்தது. காலராவில் குடல் நீரை வெளியே கொட்டுகிறது. ஆனால் எஸ்ஜிஎல்டி1 பெரும்பாலும் பழுதின்றி இருக்கிறது. உப்பையும் குளுக்கோஸையும் தக்க அளவில் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று உள்ளே இழுத்துக்கொள்ள, நீர் அவற்றின் பின்னால் தானே போகிறது. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, சிரைவழித் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியே கொடுத்து இறப்புகளைப் பெருமளவு குறைத்துக் காட்டினார். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் வகுத்த அளவு, லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம், 75 மில்லிமோல் குளுக்கோஸ். குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் அதில் சேரும். இனிப்பு கூட இருந்தால் நல்லது என்று நினைத்துச் சர்க்கரையை அள்ளிப் போடுபவர்கள் கவனிக்க: கரைசல் செறிந்துபோனால் அது நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும்.

இந்தப் புரதம் பிறவியிலேயே பழுதாக இருக்கும் குழந்தைகள் மிக அரிதாகப் பிறக்கின்றன. தாய்ப்பாலே அவர்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். குளுக்கோஸும் காலக்டோஸும் இல்லாத, ஃபிரக்டோஸ் மட்டும் சேர்த்த உணவில் தேறிவிடுவார்கள். ஃபிரக்டோஸுக்கு வேறு பாதை இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மார்ச் 13

நேற்றைய குறிப்பின் கடைசி வரியிலிருந்து தொடர்கிறேன். ஃபிரக்டோஸின் பாதை குளுட்5 என்ற புரதம். சோடியத்தின் துணை இதற்கு இல்லை. செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மட்டுமே அது கடத்தும். எனவே அதன் கொள்ளளவு மட்டுப்பட்டது, ஆளுக்கு ஆள் மாறுபடுவது. ஃபிரக்டோஸை மட்டும் பெருமளவில் குடித்தால் நலமுள்ளவர்களிலும் பலருக்கு ஒரு பகுதி உறிஞ்சப்படாமல் கீழே இறங்கிவிடும். கூடவே குளுக்கோஸ் இருந்தால் நன்றாக உறிஞ்சப்படுகிறது. ஆப்பிள், பேரிக்காய்ச் சாறு சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாததற்கு அவற்றில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் மிகுந்திருப்பதும், சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் சேர்ந்திருப்பதும் காரணம்.

இரண்டு பாதைகள் தனித்தனியே இருப்பதை நீண்டதூர ஓட்டக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். குளுக்கோஸ் மட்டும் குடித்தால், எவ்வளவு குடித்தாலும் உடல் பயன்படுத்துவது மணிக்கு ஏறத்தாழ 60 கிராமோடு நின்றுவிடுகிறது. தசையின் ஆசை எவ்வளவாக இருந்தாலும் குடலின் வாயில் அவ்வளவுதான். ஃபிரக்டோஸையும் கலந்தால் மணிக்கு 90 கிராம்வரை போகலாம். நான் ஓடுகிறவன் அல்லன். ஓடும் நண்பர் ஒருவர் பழகாத வயிற்றோடு போட்டி நாளன்று முதன்முறையாக இந்தக் கலவையைக் குடித்துப் பாதியில் புதர்களைத் தேட நேர்ந்ததால் இதைப் படிக்க வேண்டியதாயிற்று.

இந்த 60 கிராம் கணக்கைப் பிடித்துக்கொண்டு ‘அப்படியானால் மூன்று மணி நேரத்தில் 180 கிராமுக்கு மேல் யாருக்கும் உறிஞ்சாது’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது கடும் உடற்பயிற்சியின்போது, குடலுக்கு இரத்தம் குறைந்த நிலையில், பயன்பட்டதை அளந்து பெற்ற எண். மேலும் மாவுச்சத்து மிகுந்த உணவை வழக்கமாக உண்பவரின் குடல் எஸ்ஜிஎல்டி1 புரதத்தின் எண்ணிக்கையைத் தானே கூட்டிக்கொள்ளும் இயல்புடையது.

மார்ச் 17

பால். இதற்காகவே பலர் காத்திருந்ததாகத் தெரிகிறது.

மாவுச்சத்தையும் சர்க்கரையையும் பொறுத்தவரை, பிளப்பது விரைவு; உள்ளே கடத்துவதே வேகத்துக்கு எல்லை கட்டுகிறது. லாக்டோஸில் மட்டும் இது தலைகீழ்: பிளப்பதே தாமதமானது. பாலூட்டிகள் எல்லாவற்றிலும் பால்குடி மறந்தபின் லாக்டேஸ் குறைந்துபோவதுதான் இயல்பு. உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரும் அந்த இயல்பின்படியே இருக்கிறார்கள். ஆகவே அதை நோய் என்பதைவிட, வளர்ந்தபின்னும் லாக்டேஸ் குறையாதவர்களிடம் ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது என்பதே சரியான வரிசை. ஐரோப்பியரிடம் காணப்படும் அந்த மாற்றத்தை 2002-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அது லாக்டேஸ் மரபணுவுக்கு உள்ளே இல்லை. அருகிலுள்ள வேறொரு மரபணுவுக்குள் ஒளிந்துகொண்டு அங்கிருந்தே லாக்டேஸை இயக்குகிறது. கிழக்கு ஆப்பிரிக்கக் கால்நடை மேய்ப்பர்களிடம் வேறு மாற்றங்கள் தனியே தோன்றியுள்ளன என்பது 2007-இல் தெரிய வந்தது.

எனக்கு நாற்பது வயதுக்குப்பின் பால் குடித்தால் வயிறு இரையத் தொடங்கியது. சந்தேகத்தைத் தீர்க்க மூச்சுப் பரிசோதனைக்குப் போனேன். வெறும் வயிற்றில் லாக்டோஸ் கரைசலைக் குடிக்கச் சொல்லி, இடைவெளி விட்டு விட்டு ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். மனித உயிரணு எதுவும் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை. மூச்சில் ஹைட்ரஜன் வந்தால் அது பெருங்குடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கி, இரத்தத்தில் கரைந்து, நுரையீரல் வழியே வெளிவந்ததுதான். தொடக்க அளவைவிட மில்லியனுக்கு 20 பங்கு கூடினால் லாக்டோஸ் உறிஞ்சப்படவில்லை என்று கொள்வார்கள். என் அளவு அந்தக் கோட்டைத் தாராளமாகத் தாண்டியது. அதைவிட விந்தை என்னவென்றால், உள்ளே நடக்கும் குமுறலை நானும் பக்கத்து நாற்காலிக்காரரும் கருவிக்கு முன்பே கேட்டுவிட்டோம்.

முடிவு தெரிந்தபின் பாலை முற்றிலும் நிறுத்தினேன். பிறகு யோசித்து மீண்டும் தொடங்கினேன். லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ், அதாவது ஒரு கோப்பைப் பால், தொல்லையின்றித் தாங்குகிறார்கள். உணவோடு சேர்த்துக் குடித்தால் இரைப்பையிலிருந்து மெல்ல இறங்குவதால் இன்னும் எளிது. தயிரில் லாக்டோஸைப் பிளக்கும் நொதியை அதிலுள்ள நுண்ணுயிர்களே கொண்டுவந்துவிடுகின்றன. அதே லாக்டோஸ், அதே குடல். வேகத்தைக் குறைத்தால் நோயாளி என்ற பெயரே போய்விடுகிறது.

மார்ச் 18

‘மூச்சில் ஹைட்ரஜன் வந்தால் தீக்குச்சி கிழிக்கலாமா?’ என்று கேட்டவருக்கு: மில்லியனுக்கு 20 பங்கில் எதுவும் பற்றாது. வேறு திசையில் வெளியேறும் வாயுவைப் பற்றி நான் உறுதி தரமாட்டேன்.

மார்ச் 21

இனி, சிறுகுடலை ஏமாற்றிவிட்டுப் போகும் மாவுச்சத்து. சமைக்காத மாவுச்சத்து இறுகிய மணிகளாக இருக்கும். நொதிக்கு எளிதில் இடம் கொடாது. நீரோடு சூடாக்கும்போது அது உப்பிக் குழைந்து சங்கிலிகள் விரிகின்றன. சமைத்த உணவு எளிதில் செரிப்பது இதனால்தான். அதைக் குளிரவிட்டால் விரிந்த சங்கிலிகளில் ஒரு பகுதி மீண்டும் நெருங்கி, முன்பு இருந்ததைவிட வேறு வகையில் படிகமாக இறுகுகிறது. அந்தப் பகுதியை அமைலேஸால் அறுக்க முடிவதில்லை. இவ்வாறு சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் மாவுச்சத்து உண்டு என்பதை ஹான்ஸ் எங்லிஸ்ட் 1980-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டி, எதிர்ப்பு மாவுச்சத்து என்று பெயரிட்டார். பச்சை வாழைக்காய், பச்சை உருளைக்கிழங்கு ஆகியவற்றின் மாவுச்சத்தும், முழுத் தானியத்தின் செல்சுவருக்குள் அகப்பட்டிருக்கும் மாவுச்சத்தும் இதன் வேறு வகைகள்.

மறுபடி சூடாக்கினால் போய்விடுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அமைலோபெக்டின் இறுகியது வழக்கமான சூட்டிலேயே இளகிவிடும். அமைலோஸ் இறுகியது கொதிநிலைக்கும் மேலே போனால்தான் இளகும். ஆகவே ஒரு பகுதி நிலைத்திருக்கும். ஆனால் இதைப் பெரிதுபடுத்திச் சமூக ஊடகங்களில் சுற்றும் காணொளிகளை நம்பவேண்டாம்: குளிர்ந்த சோற்றிலோ உருளைக்கிழங்கிலோ இவ்வாறு மாறுவது சில விழுக்காடு அளவே. ஒரு தட்டைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு இரண்டு தட்டு உண்டால் கணக்கு உதைக்கும்.

மார்ச் 22

நேற்று ‘ஏமாற்றிவிட்டு’ என்று எழுதியதைப் படித்தவர்கள் பெருங்குடலுக்குப் போனதெல்லாம் வீண் என்று எடுத்துக்கொண்டார்கள். வீணாவதில்லை. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்து அசெட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுங்கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடற்சுவரின் உயிரணுக்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைப் பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன; மற்றவை கல்லீரலுக்கும் அப்பாலும் போகின்றன. செரிக்கும் மாவுச்சத்து கிராமுக்கு 4 கிலோகலோரி தருவதாகவும், நொதிக்கும் நார்ச்சத்து கிராமுக்கு ஏறத்தாழ 2 கிலோகலோரி தருவதாகவும் உணவுக் கணக்குகளில் கொள்வது இதனால்தான். ‘நார்ச்சத்துக்குக் கலோரி இல்லை’ என்பது பழைய கணக்கு.

கேள்வி கேட்டவர் இதையும் கவனிக்க வேண்டும்: ஒரே குளுக்கோஸ் சங்கிலி மேலே பிளந்தால் குளுக்கோஸாகவும், கீழே பிளந்தால் குறுங்கொழுப்பமிலமாகவும் உடலுக்குள் வருகிறது. சேருமிடமே மாறிவிட்டது.

மார்ச் 26

ஒருவர் குளுக்கோஸை நேரே சிரையில் ஏற்றுவதை எடுத்துக்காட்டி, ‘குடலைத் தாண்டிப் போனாலும் இன்சுலின் சுரக்கிறதே’ என்றார். சுரக்கிறது, ஆனால் குறைவாக. இரத்தத்தில் ஒரே அளவு குளுக்கோஸ் உயரும்படி செய்தாலும், வாய்வழியே கொடுக்கும்போது சிரைவழியே கொடுப்பதைவிட அதிக இன்சுலின் சுரக்கிறது என்று 1964-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. குடற்சுவர் தான் உறிஞ்சுவதைக் கணையத்துக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. சிறுகுடலின் மேற்பகுதியிலிருந்து ஜிஐபி என்ற ஹார்மோனும், பெரும்பாலும் கீழ்ப்பகுதியிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனும் புறப்படுகின்றன. ஜிஎல்பி-1 கூடவே இரைப்பையையும் ‘மெதுவாக அனுப்பு’ என்று கட்டுப்படுத்துகிறது. இன்று எடை குறைப்புக்காக ஊசியாகப் போடப்படும் மருந்துகளில் பல, இந்த ஜிஎல்பி-1-ஐப் பின்பற்றிச் செய்தவையே. மார்ச் 7 குறிப்பிலுள்ள அகார்போஸ் மாவுச்சத்தைக் கீழ்க்குடலுக்குத் தள்ளுவதால் ஜிஎல்பி-1 சுரப்பும் கூடுகிறது. அன்று அதை எழுத மறந்தேன்.

முதல் குறிப்பில் விட்டுவைத்த ‘யாரோ’க்களில், வந்ததை அப்புறப்படுத்துவது இந்த இன்சுலின்; உள்ளே வருவதை நிறுத்தி நிறுத்தி அனுப்புவது இரைப்பைதான். அது முன்சிறுகுடலுக்குள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 4 கிலோகலோரி வீதமே உணவை விடுகிறது. உணவில் கொழுப்போ புரதமோ சேர்ந்தால் அது இன்னும் மெதுவாகும். காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுச்சத்தைக் கடைசியில் உண்டால் இரத்தச் சர்க்கரையின் உச்சம் தாழ்கிறது என்று ஆய்வுகள் காட்டுவதன் பின்னணியும் இதுவே. சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும், ஒட்டிக்கொள்ளும் அளவுமானியைக் கையில் மாட்டி நானும் பார்த்தேன்: அதே தட்டு, அதே அளவு, வரிசையை மட்டும் மாற்றியபோது கோடு தட்டையானது. என் மனைவி அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இத்தனை நாளும் காய்கறியைக் கடைசியில் ஒதுக்கி வைத்ததற்கு ஏதாவது அறிவியல் விளக்கம் உண்டா என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 27

கிளைசெமிக் குறியீட்டைப் பற்றி இவ்வளவு நேரம் நான் பேசாதது வேண்டுமென்றே. 1981-இல் டேவிட் ஜென்கின்ஸ் குழு டொரான்டோவில் வகுத்தது; செரிக்கும் கார்போஹைட்ரேட் 50 கிராம் அடங்கிய உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதைக் குளுக்கோஸோடு ஒப்பிடும் எண் அது. வேகத்தை அளக்க முயன்றதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் அது இரத்தத்திலுள்ள குளுக்கோஸை மட்டுமே பார்க்கிறது. ஃபிரக்டோஸுக்கு அந்த எண் மிகத் தாழ்வு. காரணம் அது மெதுவாகச் செரிப்பதன்று, பெரும்பகுதி கல்லீரலிலேயே பிடிபட்டுவிடுவது. தாழ்ந்த எண்ணைப் பொட்டலத்தில் அச்சடித்து விற்பவர்களைப் பற்றி முதற்கேள்வியில் இருந்த எரிச்சல் எனக்கும் உண்டு.

ஏப்ரல் 2

கடைசியாக வந்த கேள்வி: காளான் உண்டால் வயிறு உப்புகிறது, இதற்கும் ஏதாவது நொதி காரணமா?

காளானில் ட்ரீஹலோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. இரண்டு குளுக்கோஸ்கள் தம் முதல் கரிம அணுக்களாலேயே இணைந்தது. அதைப் பிளக்கவென்றே ட்ரீஹலேஸ் என்ற நொதி குடற்சுவரில் இருக்கிறது. அது இல்லாதவர்களும் உண்டு, ஆனால் மிக அரிது. அதற்கு முன் வேறொன்றைச் சந்தேகிக்கவும்: காளானில் மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் கணிசமாக உண்டு, அது யாருடைய குடலிலும் முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை. அளவைக் குறைத்துப் பாருங்கள்; உப்புவதும் குறைந்தால் நொதிப் பரிசோதனைக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.